உள்பக்கம் தைத்தவள்

தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. மெத்தை தைக்கிறவள் என்பதால் வந்த பேர் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் வாயையும் சேர்த்துத்தான் அந்தப் பேரை வைத்தார்கள் என்பது வைத்தவர்களுக்குத் தெரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கண்ணாடி வெட்டுகிற கடைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் அவர்கள் கடை. முன்பாதியில் கணவன் இயந்திரத்தில் பஞ்சு அடிப்பான். பின்பாதியில், உயரமான பலகை மேல் மெத்தையை விரித்து அவள் தைப்பாள். முழ நீள ஊசியை மேலிருந்து குத்தி, கீழே கையை விட்டுப் பிடித்து, நூலை இழுத்து, மறுபடி மேலே அனுப்ப வேண்டும். கணவன் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வதால் பகலில் பேச்சு வார்த்தை கிடையாது. "அவர் பேசாம விட்டதையும் சேர்த்து நான்தானே பேசணும்?" என்று வாடிக்கையாளர்களிடம் அவள் சொல்வதுண்டு.

அரசர் வீடு எரிந்தபோதும் இருவரும் கடையில்தான் இருந்தார்கள். அரசர் வீடு என்பது பேச்சு வழக்கில் வந்த பெயர். அங்கே வாழ்கிற அரசர் யாரும் இல்லை. ஊருக்கு மேற்கே குன்றின் மேல், அந்த நாட்டின் பழைய அரசர்களை அடக்கம் செய்த இடம் அது. கவிழ்த்து வைத்த பெரிய கூடை மாதிரி, தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கிய ஒரே வட்டக் கூரை. முழுக்க முழுக்கப் புல். பின்னாளில் யாரோ இழுத்த மின்கம்பியில் பொறி பறந்தது. தீயணைப்பு வண்டி மேடேறிப் போவதற்குள் தூண்கள் மட்டும் கரிக்கட்டையாக நின்றன. சனங்கள் தெருவில் நின்று புகையைப் பார்த்தார்கள். அவர்களோடு நின்று ஊசியக்காவும் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. அண்ணனுக்கு இனித் தலைக்கு மேல் வேலை இருக்கும் என்று ஓர் எண்ணம் ஓடியது. அண்ணன் என்ற சொல் தன் மனதில் வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கூரைக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் உரிமைப் பந்தம் உண்டு. கூரையை வளையம் வளையமாகத்தான் வேய்வார்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே வருகிற முகட்டு வளையம் அவர்கள் குடும்பத்துக்கு. வெளியே கூரைமேல் ஒருவர், உள்ளே சாரத்தில் ஒருவர். வெளியே இருப்பவர் புல் கட்டின் ஊடாக ஊசியைக் குத்தி இறக்குவார். உள்ளே இருப்பவர் அதைப் பிடித்து, கயிற்றை, புல்லைத் தாங்குகிற வரிச்சுக் கம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, வெளியே திருப்பி அனுப்புவார். அந்த இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பது முறை. முதல் அரசர் காலத்தில் உடன்பிறந்த இருவர் தைத்தார்களாம், அதிலிருந்து வந்ததாம். அவள் அப்பாவும் சித்தப்பாவும் தைத்தார்கள். பிறகு பெரியண்ணன் வெளியே, சின்னண்ணன் உள்ளே. சின்னண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சின்னண்ணன் சாவுக்கு அவள் போயிருந்தாள். பெரியண்ணனைப் பார்த்தும் பாராததுபோல் கூட்டத்தின் மறுபக்கம் நின்றுவிட்டு வந்தாள். அம்மா போனதிலிருந்தே அண்ணனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மா பெரியண்ணன் வீட்டில் இருந்தபோது காலமானாள். செய்தி கிடைத்ததும் ஊசியக்கா புறப்பட்டாள். வழியில் ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே விழுந்து கிடந்தது. பேருந்து நகரவே இல்லை. வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசலில் ஈரம் காயவில்லை. பெரியண்ணன் பனியனோடு உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு அவள் திரும்பி நடந்தாள்.

ஏன் காத்திருக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்கிற நாள் கடந்து போனபின், கேட்பதே ஒரு தோல்வி மாதிரி ஆகிவிட்டது. நடுவில் அண்ணி மட்டும் வருடத்துக்கு ஒரு முறை, துணி எடுக்க வந்த சாக்கில் கடையில் தலைகாட்டிவிட்டுப் போவாள்.

எரிந்ததைத் திரும்பக் கட்டுவது என்று முடிவாயிற்று. மரபுக் குழு ஒன்று அமைந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். முறைகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் பதில் சொல்வார். கட்டுமானத்துக்குப் பொறுப்பாக ஒரு பொறியாளர் அம்மா வந்தாள். கூரையில் இரும்பு படக்கூடாது என்று தலைவர் சொன்னார். இடுப்பில் கயிறு இல்லாமல் ஒருவரும் மேலே ஏறக்கூடாது என்று அவள் சொன்னாள். இருவரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்து, கடைசியில் மரக் கொக்கி வைத்த கயிற்றுப் பட்டையில் சமாதானமானார்கள். தூண்களுக்குத் தீ பிடிக்காத களிமண் பூச்சு வேண்டும் என்று அவள் கேட்டபோது தலைவர் கண்ணை மூடி மூச்சு விட்டு, "மண் இரும்பு இல்லையே" என்றார். தூண்கள் எழுந்தன. கீழ் வளையங்களைக் குடும்பம் குடும்பமாக வந்து வேய்ந்தார்கள்.

ஒருநாள் தலைவரும் பொறியாளரும் கடைக்கு வந்தார்கள். மெத்தை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து ஊசியக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இலவம் பஞ்சா, சாதாப் பஞ்சா?"

"உங்க அண்ணன் கூட முகட்டு வளையம் தைக்க ஆள் வேணும்மா" என்றார் தலைவர்.

அவள் ஊசியைப் பலகையில் செருகி வைத்தாள். "நான் பொம்பளை."

"ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னுதான் முறை. ஆண் பிள்ளைன்னு எங்கயும் இல்ல. குழுவில நாலு பேர் முணுமுணுத்தாங்க. எங்க இருக்கு, காட்டுங்கன்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டாங்க."

"உயரம்னா பயம் உண்டா?" என்று பொறியாளர் கேட்டாள்.

"உயரத்தில எனக்கென்ன பயம். கூட யார் இருக்காங்கன்னுதான் யோசனை."

பஞ்சு இயந்திரம் நின்றது. கணவன் வாயில் கட்டிய துணியை இறக்கினான். "போய்ட்டு வா. அங்க ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். உனக்கு அது நல்ல பயிற்சி" என்று சொல்லிவிட்டுத் துணியை மறுபடி ஏற்றிக்கொண்டான்.

அவன் சொன்னது உண்மை. வளையம் தைக்கத் தொடங்கினால் அன்றைய தையல் முடியும்வரை கூரையில் குரல் எழக்கூடாது. தட்டித்தான் சொல்ல வேண்டும். அண்ணனோடு பேசாமலேயே செய்யக்கூடிய வேலை என்பதால்தான் அவள் சரி என்றாள். கணவனிடம்கூட இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒரு விஷயத்தை அவள் மறந்திருந்தாள். தைக்கிற இருவரும் சபை முன்னால் நின்று, தங்களுக்குள் மனத்தாங்கல் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஊரில் பாதிப் பேர் மனத்தாங்கலோடுதான் ஏறினார்கள், இறங்கினார்கள். கேட்டால் "இல்லை" என்பார்கள், முடிந்தது. கீழ் வளையம் வேய்ந்த ஒரு குடும்பத்தில் இரண்டு பங்காளிகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களும் "இல்லை" என்றுதான் சொன்னார்கள்.

குன்றின் மேல், புது மரத்தின் வாசனை அடிக்கிற பந்தலில் சபை கூடியது. பெரியண்ணன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. அதைக் கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் கவனித்தாள்.

"உங்களுக்குள்ள மனத்தாங்கல் உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இருக்கு" என்று வந்தது.

தலைவர் கண்ணை மூடினார். இந்த முறை மூச்சு வர வெகு நேரம் ஆயிற்று. "இத்தனை வருஷத்தில இப்படி ஒருத்தரும் சொன்னதில்லையே" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பொறியாளர் மேகத்தைப் பார்த்தாள். மழைக்கு முன்னால் முகட்டை மூடாவிட்டால் கீழே வேய்ந்ததெல்லாம் ஊறிவிடும்.

"என்ன செஞ்சா தீரும்?" என்று தலைவர் கேட்டார்.

மன்னிப்பா? அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் கேட்கச் சகிக்காது. அவர் தலைகுனிந்து நிற்கிறதை அவள் மனதில் பலமுறை ஆசையோடு பார்த்திருக்கிறாள்; இப்போது நிஜமாகவே குனிந்து நிற்கிறவரைப் பார்க்க ஒன்றும் இனிக்கவில்லை. "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். வழியெல்லாம் சனங்கள் அவளையே பார்த்தார்கள். சிலர் பாராட்டாக, பலர் கோபமாக.

மறுநாள் கடை திறந்த சற்று நேரத்தில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் அந்தக் கடைக்குள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. உட்காரும்படி யாரும் சொல்லாததால் பஞ்சு மூட்டை பக்கத்தில் நின்றார். கணவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வெளியே போகவும் மனமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன வேணும்னு சொல்லு" என்றார் அண்ணன். "சும்மா ஊர் முன்னால இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டா எப்படி?"

அவள் நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி தானாக வந்தது. "அம்மாவுக்கு என்ன சேலை கட்டினீங்க?"

அண்ணன் விழித்தார். "சேலையா?"

"ஆமா. என்ன சேலை?"

"பச்சையோ என்னமோ."

"ஊதா" என்றாள் அண்ணி. "ஊதாவில சின்னக் கரை. நீ வாங்கிக் கொடுத்ததுதான். புதுசா மடிச்சு வச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துக் கட்டினேன்."

ஊசியக்கா மெழுகைக் கீழே வைத்தாள். "யார் தூக்கினா? முன்னால யாரு, பின்னால யாரு?"

அண்ணன் சொல்லத் தொடங்கினார். அவருக்குச் சொல்ல வரவில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்தார், பிறகு முன்னால் போனார், அண்ணி திருத்தினாள். காலையில் அம்மா கஞ்சி வேண்டாம் என்றது, சன்னலைத் திறக்கச் சொன்னது, எதிர்வீட்டுக்காரியின் பேச்சைக் கேட்டுச் சிரித்தது, சிரித்த முகத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பாதது. பின்னால் சின்னண்ணன் தூக்கியது. குழியில் தண்ணீர் ஊறி, இரண்டு தடவை இறைத்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் அவசரப்படுத்தியது. "நீ வந்துட்டிருக்கேன்னு சின்னவன் சொன்னான். எல்லாரும் பேசினாங்க. நான் ஒண்ணும் சொல்லல. தூக்குன்னாங்க, தூக்கினேன்" என்றார்.

அதற்கு மேல் நியாயமும் சொல்லவில்லை, வருத்தமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சேலையின் கரை எந்த நிறம், தலைக்கு எண்ணெய் வைத்தார்களா, காலில் அந்தப் பழைய வெள்ளி வளையம் இருந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரிந்ததைச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்றார்கள். மெத்தை வாங்க வந்த ஒருவரைக் கணவன் வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினான்.

எல்லாம் கேட்டு முடித்தபின் அவள், "சாயங்காலம் குழுவைக் கூட்டச் சொல்லுங்க" என்றாள்.

மறுபடி சபை. மறுபடி அதே கேள்வி. "குறைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

இது பெரிய சிக்கலாகிவிட்டது. உண்டு, இல்லை என்ற இரண்டுக்குத்தான் முறை இருந்தது. குறைந்திருப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று குழு வாதாடியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று ஒருவர் கெஞ்சினார். வழக்குப் போட்டிருந்த பங்காளிகளில் ஒருவர், "பொய் சொல்றது அப்படி ஒண்ணும் கஷ்டமில்லம்மா" என்று ஆறுதல் சொன்னார். கடைசியில் தலைவர் கையை உயர்த்தினார்.

"ஊசி போகுற அளவுக்குக் குறைஞ்சிருக்கா?"

"போகும்."

"அப்ப ஏறலாம்" என்றார் தலைவர்.

உள்ளே இருட்டாக இருந்தது. சாரத்தின் உச்சியில் பலகை மேல் அவள் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கைநீட்டும் தூரத்தில் புல். புல்லுக்கு மேல் அண்ணன். கீழே அரசர்கள் படுத்திருக்கிற தரை, திரைகளால் மூடப்பட்டிருந்தது. அண்ணன் தட்டினார். அவள் வரிச்சு எங்கே இருக்கிறது என்று காட்ட அதே இடத்தில் திருப்பித் தட்டினாள். மர ஊசியின் முனை புல்லை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தாள், கயிற்றைச் சுற்றினாள், திருப்பி அனுப்பினாள். மெத்தை வேலைதான், தலைகீழாக. முதல் நாள் அவர் அவள் எதிர்பார்த்ததைவிட இறுக்கி இழுத்தார். கயிறு இரண்டு இடத்தில் அறுந்தது. அவள் விரல்களில் தோல் உரிந்தது. மூன்றாம் நாளுக்குள் அவர் இழுக்கிற நேரமும் அவள் விடுகிற நேரமும் ஒத்துப்போயின. கழுத்து வலித்தது, கண்ணில் புல் தூசி விழுந்தது. பேசாமல் இருப்பது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

வளையம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. காற்று வேகமாக அடித்த ஒரு நாள் அவள் தட்டிய இடம் ஒன்று, ஊசி இறங்கிய இடம் வேறு. முனை அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. கையை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். மேலே அண்ணன் தட்டினார். அவளால் திருப்பித் தட்ட முடியவில்லை. மறுபடி தட்டினார். பிறகு புல்லின் ஊடாக அவர் குரல் வந்தது.

"பாப்பா. என்னாச்சு? பாப்பா."

அவளுக்கு அந்தப் பேர் இருந்ததே மறந்துபோயிருந்தது. "ஒண்ணுமில்ல. கையில பட்டுடுச்சு" என்று அவளும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

கீழே நின்ற எல்லோருக்கும் கேட்டது. பொறியாளர் சாரத்தில் ஏறி வந்து, கையைக் கழுவி, கட்டுப்போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். தையல் போட்ட மருத்துவர், "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். "தையல் வேலைதான்" என்றாள்.

கூரையில் குரல் எழுந்தால் அன்றைய தையலைப் பிரித்துவிட வேண்டும். தலைவர் முகம் வாடிப்போயிருந்தது. அவர் வந்து சொல்வதற்குள் அண்ணன் கூரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். மழை வருமே என்று ஒருவர் கீழிருந்து சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாள் அவள் கட்டுப்போட்ட கையோடு வந்து ஏறினாள். அண்ணி வேண்டாம் என்றாள், கணவன் வேண்டாம் என்றான். இடக்கையால் பிடித்து வலக்கை விரல்நுனியால் சுற்றினாள். பாதி வேகம்தான் வந்தது. அண்ணன் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை இறக்கினார்.

முகடு மூடிய அன்று உள்ளே இருந்த கடைசி வெளிச்ச வட்டமும் போய்விட்டது. அவள் தடவித் தடவி இறங்கி வந்தாள். வெளியே அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். "கை காட்டு" என்றார். காட்டினாள். பார்த்தார். "ஆறிடும்" என்றார்.

திறப்பு நாளில் பெரிய கூட்டம். மேடையில் பேசினவர்கள் பாரம்பரியம், பெருமை என்று நிறையச் சொன்னார்கள். முகட்டு வளையத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கீழிருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது. ஊசியக்கா அண்ணி பக்கத்தில் நின்றாள்.

முதல் பெருமழை பெய்து ஓய்ந்தபின் பொறியாளர் இருவரையும் வரச் சொன்னாள். உள்ளே புது விளக்கைப் பிடித்து மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். முகட்டுக்கு அருகே ஓரிடத்தில் ஈரம் கசிந்திருந்தது.

"கயிறு தளர்ந்திருக்கு" என்றாள் தங்கை. "நீங்க இழுத்தது போதல."

"நான் இழுத்தேன். நீ சுத்தின லட்சணம்."

"காயத்தோட சுத்தினேன். நல்ல கை வச்சிருந்தவரு நீங்க."

"காயம் யாரால? தப்பான இடத்தில தட்டினது யாரு?"

பொறியாளர் விளக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தப்பு யார் பக்கம் என்று பின்னால் முடிவு செய்யலாம், முதலில் யாராவது மேலே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஏணியை எடுக்கப் போனார். ஊசியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாரம் போட ஆள் கூப்பிடச் சொன்னாள். அன்று சாயங்காலம் கடைக்குத் திரும்பிப் போக நேரமாகிவிட்டது. அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதாகக் கணவனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.